முதல் விடையைத் தொடாதவள்

1
இந்தக் கதையில் பாதி, பொத்தான் வாங்கப் போன கடையில் காதில் விழுந்தது. மீதி என் கலப்படம். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், தொழில் ரகசியம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவள் கண்களில் ஒரு பெருங்கனவு...’ வேண்டாம். கனவு என்றதும் நீங்கள் விலையைக் குறைப்பீர்கள். நேராகச் சொல்கிறேன். பொத்தான் கடைக்காரரின் மனைவி மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிப் பகுதிதான் காலை வாருகிறது. தேறினால் இரண்டு வருஷம் கடல் தாண்டிப் படிப்பு. அவன் இங்கே, கடையோடு.

2
(கணவனை முதலில் முசுடாக எழுதிப் பார்த்தேன். அந்தச் சரக்கு சுலபமாக விற்கும். ஆனால் இவன், அவள் மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்களைப் பொத்தான் பெட்டிகள்மேல் ஒட்டி வைத்திருக்கிறான். வாடிக்கையாளர்கள் அதைப் புது ரகமென்று நினைத்து விலை கேட்கிறார்கள். இவனை எப்படி முசுடாக்குவது?)

3
மாதிரித் தேர்வைத் திருத்தும்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. மொழிப் பகுதியில் எந்தக் கேள்விக்கும், கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் அவள் முதல் விடையைத் தொடுவதே இல்லை. பேரம் பேசும் குடும்பத்தில் வளர்ந்தவள். எதிராளி முதலில் நீட்டுவதை வாங்கக் கை வராது.

சொன்னால் தேறிவிடுவாள். தேறினால் போய்விடுவாள்.

‘ஒரு வாரம் அவன் வாயைத் திறக்கவில்லை’ என்று எழுதி அடித்தேன். ஒரு மத்தியானம் தாங்கினான், அவ்வளவே.

4
“ஏம்மா, முதல் பதில் மேல உனக்கு என்ன கோவம்?”

“முதல்ல நீட்றத யாராவது எடுப்பாங்களா?”

“என்னை மட்டும் கேட்டவுடனே எடுத்தியே?”

“அன்னிக்கு வேற சரக்கு இல்ல.”

சிரித்துக்கொண்டே விடைத்தாளை வாங்கியவள், பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இத சொன்னா நான் போயிடுவேன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

[இங்கே அவனுக்கு ஒரு நல்ல வசனம் எழுதினேன். மிகவும் நல்ல வசனம். அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

அவன் பக்கத்தைத் திருப்பி அடுத்த கேள்வியை வாசித்தான். அவள் யோசிக்காமல் முதல் விடையைச் சொன்னாள். சரியா தவறா என்று இருவருமே பார்க்கவில்லை.

5
அவள் தேறினாளா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஒரே நிபந்தனை. அவளை அனுப்புவதானால், வழியனுப்பிவிட்டு வந்து அவன் தனியாகக் கடை திறக்கும் அந்தக் காலையையும் நீங்கள்தான் எழுத வேண்டும். என்னால் ஆகவில்லை.