சோப்பு மட்டும் ஊற்றிய தட்டு

1

இந்தக் கதை என் வீட்டில் சட்டி கழுவும் தொட்டியில் பிறந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் எண்ணெய் தண்ணீருக்கு மசியவே இல்லை. ஒரு சொட்டு சோப்பு விட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. நம் உயிரணு ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது மெல்லிய கொழுப்புத் தோல்தான், சோப்பு பட்டால் அதுவும் இப்படித்தான் பிய்ந்துபோகும் என்று ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். உடனே எனக்குக் கதைக் கிறுக்கு பிடித்துவிட்டது. சட்டி இன்னும் தொட்டியில்தான் கிடக்கிறது.

முதல் தொடக்கம்: சுங்கை சிப்புட் ஊரில் மழை விட்டபாடில்லை. பழைய ரப்பர்த் தோட்டத்தின் நடுவே ஒரு பெண்

(அடித்துவிட்டேன். மழையையும் ரப்பர் மரத்தையும் சேர்த்துப் போட்டால் இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள். பொறுங்கள்.)

2

அவள் பெயர் நித்யகல்யாணி. (அந்தச் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களே, அதற்காக நான் வைத்த பெயரில்லை. அவளைப் பெற்ற அப்பச்சி வைத்தது. என்னைத் திட்டாதீர்கள்.) சிலிபினில் வீடு, ஈப்போவில் ஆய்வக வேலை. சுங்கை சிப்புட் பக்கம் கைவிட்ட தோட்டத்தில் மண்டிக் கிடக்கும் ஓர் இலையின் சாற்றைப் புற்றணுக்கள்மேல் ஊற்றிப் பார்த்தாள். சாறு தண்ணீரில் கரையாது என்பதால் சோப்பின் குணமுள்ள ஒரு திரவத்தையும் கலந்தாள். அணுக்கள் கூண்டோடு செத்தன. ஒப்பிட வைத்த தட்டில் வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருந்தாள். அங்கே அவை கொழுகொழுவென்று இருந்தன.

தலைகால் புரியாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். அவள் அக்காள் சிகப்பி ஆச்சிக்கு (அவர்கள் வீட்டில் அக்காள்தான் ஆச்சி) மார்பில் புற்றுக்கட்டி. ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று. ஆச்சியிடமிருந்து பதில் வந்தது: "அப்ப எனக்கு ஊசி வேணாம்லா. எலைய அரைச்சுக் குடிச்சுக்கிறேன்."

3

இந்த இடத்தில் நித்யகல்யாணிக்குச் சந்தேகம் வர ஒரு காரணம் வேண்டும். என் சட்டியைக் கடன் கொடுத்தேன். கழுவிக்கொண்டிருந்தவள் எண்ணெய் ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றாள். மறுநாள் இலையே இல்லாமல் அந்தத் திரவத்தை மட்டும் ஊற்றினாள். இதிலும் கூண்டோடு சாவு. கொன்றது சோப்பு, இலை சும்மா கூட நின்றிருக்கிறது.

(இவ்வளவு படித்தவள் இந்தத் தட்டை முதலிலேயே வைக்க மறப்பாளா என்று எனக்கே சந்தேகம். அக்காளுக்குக் கட்டி என்று தெரிந்த வாரத்தில் மறப்பாள்.)

4

சுங்கை சிப்புட்டில் ஆச்சி வீட்டு அடுப்படி. பிளெண்டர் நிறைய இலை.

"குடிக்காதீங்க ஆச்சி. கொன்னது எலை இல்ல, சோப்பு."

"அப்ப சோப்பக் குடிக்கட்டா?"

"அது நல்ல அணுவையும் சேத்துக் கொன்னுரும்."

ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பிளெண்டரின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எலை வேலை செய்யும்னு நான் எப்ப நம்புனேன்? ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு வேணும்லா. படிச்சவ, நீயே குடுத்த. இப்ப நீயே புடுங்கிக்கிட்ட. எனக்குப் பயமா இருக்கு, கல்யாணி."

நித்யகல்யாணிக்கும் பயம்தான்.

"நாளைக்குக் காலையில வாரேன் ஆச்சி. சேந்தே போலாம்."

ஆச்சி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

5

இதற்குமேல் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆச்சி அழுதுகொண்டே காரில் ஏறுகிறாள்; உங்கள் கண்ணும் கலங்கிவிடும். ஆனால் கலங்க வைத்தது ஆச்சியா, நான் கலந்த சோப்பா? அதைத் தெரிந்துகொள்ள நான் இல்லாத ஒரு தட்டும் வைக்கவேண்டும் அல்லவா? வைக்கிறேன். வருகிறேன்.

6

காலை. கேட் பாதி திறந்திருக்கிறது. வாசலில் கார், இன்ஜின் ஓடுகிறது. உள்ளே தங்கச்சி.

ஆச்சியின் ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை. மறு கையில் இலைச்சாற்றுப் போத்தல்.

கார்க் கதவு மூடியிருக்கிறது. திறக்க ஒரு கை காலியாக வேண்டும்.