ஆடு நக்கிய அஞ்சலித் தாள்

செத்துப்போன மீல்கோவுக்கு வருஷாவருஷம் தலை நரைத்துக்கொண்டே வந்தது. ட்ர்யாவ்னா என்கிற அந்த மலையூரில் ஒருவர் போய்விட்டால் படம் போட்ட அஞ்சலித் தாளைக் கதவில் ஒட்டுவார்கள். நினைவு நாளுக்கு நினைவு நாள் புதுத் தாள். மீல்கோவின் மனைவி ஸ்டோய்னா அச்சகத்தில் கொடுத்தது என்னவோ பழைய கல்யாணப் படத்தைத்தான். பசை காய்ந்ததும் முகம் அந்தந்த வருஷத்துக்கு ஏற்ப மாறிவிடும். ஒரு வருஷம் தொந்தி விழுந்தது, இன்னொரு வருஷம் மூக்குக் கண்ணாடி வந்தது. மை மட்டம் என்று அச்சகத்துக்காரனைத் திட்டினார்கள். ஒட்டிய மறுநாளே மலையிலிருந்து ஆடுகள் இறங்கி வந்து அந்தத் தாளை நக்கும். ஸ்டோய்னா துடைப்பத்தோடு விரட்டுவாள். தெருவில் வேறு எந்தச் செத்தவர் முகத்தையும் அவை சீண்டியதில்லை.

மகள் ராலிட்சாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோது, அதற்குத் தன் அப்பாவின் பெயரை வைக்கவும், அவர் வழி முன்னோரைத் தேடி எழுதிவைக்கவும் ஆசை வந்தது. உன்னிடமிருந்து தொடங்கு, பிறகு அம்மா அப்பா, உயிரோடிருப்பவர்களை முதலில் கேள் என்று நூலகத்தில் சொன்னார்கள். உயிரோடிருப்பவர்கள்தான் வாயைத் திறக்கவில்லை. மாமா தாத்சோ பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார். அப்பாவின் இறப்புச் சான்றைக் கேட்டபோது நகராட்சிக் குமாஸ்தா, "சாகாத ஆளுக்கு நான் எங்கம்மா போய்ச் சான்று எடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கே தெரிந்திருந்தது. நினைவு நாள்தோறும் வந்து, சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைத் தின்று, தகப்பனில்லாப் பிள்ளை என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போன அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ராலிட்சா திரும்பவும் மாமா வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். "உங்கம்மா கோதுமைய போட்டு எங்க வாய அடைச்சுட்டாளே, நான் என்ன செய்ய?" என்றார் மாமா.

ஸ்டோய்னா மழுப்பவில்லை. "ஓடிப்போனவனுக்கு அழுதா ஊரு சிரிக்கும்டி. செத்தவனுக்கு அழுதா கூட உக்காந்து அழும். அதான் கொன்னுட்டேன்." எங்கே ஓடினான் என்பது அவளுக்கும் தெரியாது.

ஆடுகளுக்குத் தெரிந்திருந்தது. ராலிட்சா தாளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது, நல்ல கடலுப்பு. உப்பு விளைகிற ஊர் பொமோரியே, அங்கே பஸ் ஏறினாள். உப்பளத்தை ஒட்டிய தெருவில் ஒரு கதவில் அஞ்சலித் தாள் இருந்தது. 'நான்கு வயதில் எங்களை விட்டுப் பிரிந்த அன்பு மகள் ராலிட்சா.' கீழே, துயரத்துடன் தந்தை மீல்கோ. படத்தில் இருந்தவள் அன்று காலை அவள் மாட்டிக்கொண்டு வந்த பச்சைக் கோட்டோடு, மேடிட்ட வயிற்றோடு இருந்தாள்.

எதிர்வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அட, மீல்கோ வீட்டுச் செத்துப்போன பொண்ணுதானே நீ? படத்துல இத்தனை வாட்டமா தெரியல. அவரு உப்பளத்துல இருக்காரு, கூப்பிடட்டா?"

"வேண்டாம்கா. செத்தவ வந்திருக்கான்னா பயந்துக்குவாரு."

அம்மாவின் பொய்யை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அது அவமானத்துக்குப் பயந்து சொன்னது. அவள் தேடி வந்த அப்பாவும் அதே பொய்யைச் சொல்லி, தன்னைப் புதைத்துவிட்டு, முகம் வளர்வதைத் தினமும் பார்த்தபடி கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார். பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதாள்.

குழந்தைக்கு மாமனாரின் பெயரை வைத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பொமோரியே கதவிலிருந்த படத்தில் கைக்குழந்தையும் சேர்ந்துகொண்டது. உப்பளத்துக்காரர்கள் தாத்தாவான மீல்கோவுக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். அவன் நன்றி சொல்லி எல்லோருக்கும் சாராயம் ஊற்றினான்.

அதே வாரம் ட்ர்யாவ்னாவில் நினைவு நாள் வந்தது. ராலிட்சா தானே பசை காய்ச்சி, அப்பாவின் தாளை நாலு மூலையும் அழுத்தி ஒட்டினாள். மறுநாள் ஆடுகள் வந்தன. ஸ்டோய்னா துடைப்பத்தை எடுத்தாள். மகள் அதை வாங்கி மூலையில் சாத்திவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள்.