பெருங்களா

கண்ணைக் கட்டிவிட்டாலும் மொக்கைச்சாமி பெருங்களா, சிறுகளா என்று களாச்செடி இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவான். முள், பால், வெள்ளைப் பூ எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் தொட்டுப் பார்த்தே சொல்லுவான். அப்பேர்ப்பட்ட ஆளுக்குக் களா தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மயிலாடும்பாறைக்கு மேலே டூரிஸ்ட்டுகள் நடக்க வனத்துறைக்காரர்கள் ஒரு பாதை போட்டார்கள். செடிகொடியைக் காட்டி விளக்க வழிகாட்டி ஒருத்தர் வேண்டும், மாசச் சம்பளம் என்றார்கள். மொக்கைச்சாமிக்கு அதுவரை பிழைப்பு மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில். திங்கள்கிழமை ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் வீடு. இருபது வருஷத்தில் முழங்கால் இரண்டும் போச்சு. பெண்சாதி மலையம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டு ஒண்டியாய்க் கிடந்தாள். "இது மட்டும் கெடைச்சிருச்சுன்னா அங்கன போகவே வேணாம்யா" என்றாள் அவள்.

தேர்வு அன்றைக்கு மேஜை மேல் கிளைகளாகப் பரப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னான். கடைசியில் ஆபீசர் விஜயகுமார் பழத்தோடு இரண்டு களாக்கிளையை எடுத்து வைத்து, "இதுல எது பெருங்களா?" என்றார். மொக்கைச்சாமி சின்னப் பழம் இருந்த கிளையைத் தொட்டான்.

"நல்லாப் பாருங்க. எதுல பழம் பெருசு?"

"பழம் அதுல பெருசுதான் சார். ஆனா பெருங்களா இதுதான்."

மலைமேல் இருக்கிறவர்கள் புதரைப் பார்த்துப் பேர் வைத்தவர்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஆட்டுக்கிடைக்கு வேலியாய் நிற்பது பெருங்களா. பழம் மிளகை விடக் கொஞ்சம்தான் பெரிது. பாறையை ஒட்டி முழங்கால் உயரத்தில் கிடந்து கொழுத்த பழமாய்க் காய்ப்பது சிறுகளா. கீழே இருக்கிறவர்கள் கூடையில் வந்த பழத்தை மட்டும் பார்த்து நேர்மாறாய் வைத்துவிட்டார்கள். புத்தகத்தில் ஏறியது அவர்கள் வைத்த பேர். இவன் விளக்கிச் சொன்னான். "புத்தகத்துல அப்படி இல்லையேங்க" என்றார் ஆபீசர், சிரித்துக்கொண்டே. மேஜை மேல் கிளை இருந்ததே ஒழிய, புதர் எங்கே இருந்தது?

வேலை கடமலைக்குண்டு திலீபனுக்குப் போனது. மலை ஏறாத பையன், புத்தகத்தை உருப்போட்டு வந்திருந்தான். மொக்கைச்சாமிக்கு ஆறுதலாக ஒரு வாரக் கூலி கொடுத்தார்கள், செடிக்குச் செடி பேர்ப்பலகை நடுகிற வேலை.

வீட்டில் அவன், "அவுகளுக்குத்தான் களா தெரியலத்தா. என்னைத் தப்புன்னுட்டாக" என்று சொல்லியிருந்தான். மலையம்மாள் அதை அப்படியே நம்பினாள். தெருவில் எவளாவது வாயைத் திறந்தால், "எம் புருசனுக்குத் தெரியாத களாவா?" என்று சண்டைக்கு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பலகை. ஆள் உயரப் புதருக்கு முன்னால் குழி தோண்டி, 'சிறுகளா' என்று எழுதியிருந்ததை நட்டு மண்ணை மிதித்தான். சொந்தக் காலாலேயே மிதித்தான். நிமிர்ந்தால், ஆடுகளோடு மலையம்மாள் நிற்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"இதுல என்னய்யா எழுதியிருக்காக?"

உள்ளதைச் சொன்னால், தெரிஞ்சே எப்படிய்யா நட்டே என்று கேட்பாள். கூலிக்கு நட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"பெருங்களான்னுதான்."

மலையம்மாள் பலகையைப் பார்த்தாள், புதரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அப்ப அவுகளுக்குச் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள் மெதுவாக. "நீதான் அங்கன போயி மாத்திச் சொல்லிட்டு வந்து நின்னுருக்கே. நான் ஊரெல்லாம் சண்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்து, திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கு ஜீப்பு எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு" என்றான்.