தலையைப் பார்த்து முடித்த சம்பந்தம்

மகேஸ்வரியின் பொம்மைக்கு உடம்பு ஒன்று, தலைகள் நாலு. அப்பா இசக்கிராஜ் தாராவியில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற கோடவுனில் வேலை பார்க்கிறார். மூட்டை அவிழ்க்கையில் பொம்மைத் தலை ஏதாவது உருண்டு வந்தால், முதலாளியிடம் கேட்டு வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி மகளுக்குக் கொண்டுவருவார். தலைகள்தான் வரும். முழு உடம்பு வந்தது ஒரே ஒரு தடவை.

மாற்றி மாற்றிக் கழுத்து இளகிவிட்டதால், ஒரு திருகு திருகினால் தலை கையோடு வந்துவிடும். மஞ்சள் முடித் தலையை மாட்டினால் ஆபீஸ் போகிறவள். சிவப்புக் கிராப்பு என்றால் மாடல் அழகி. கறுப்புப் பின்னல் கோவிலுக்கு. நாலாவது மொட்டை, அவள் திருப்பதி போய் வந்தவள்.

எதிர்வீட்டு ஷாலினியிடம் ஒரு மல்யுத்த வீரன் இருந்தான். மீசையும் அரை டிரவுசருமாக, இரண்டு கையையும் எப்போதும் மேலே தூக்கியபடி நிற்பான். சனிக்கிழமை அவன் பெண் பார்க்க வந்தான். ஷாலினியின் அம்மா பானுமதியும் கூட வந்து நாலு பஜ்ஜி தின்று, "எங்களுக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு மைனி. நாளைக்கே முடிச்சு, கையோட கூட்டிட்டுப் போயிருதோம்" என்றாள்.

கையோடு கூட்டிப்போவதா? அப்போதுதான் மகேஸ்வரிக்கு உறைத்தது. இருக்கிற ஒரே உடம்பு எதிர்வீட்டுக்குப் போய்விடும். வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், அம்மா கனகவள்ளி அதற்குள் தட்டு மாற்றிவிட்டாள்.

ஞாயிறு காலை கடைசித் தடவையாக நாலு தலையையும் ஆசை தீர மாற்றி மாற்றிப் பார்த்தாள் மகேஸ்வரி. பானுமதியும் ஷாலினியும் தேங்காய்த் தட்டில் மாப்பிள்ளையை வைத்துத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது மஞ்சள் முடித் தலையின் முறை.

"யாரு இது?" என்றாள் பானுமதி.

"பொண்ணுதான் அத்தை."

"இதா? நேத்துப் பாத்த பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் பின்னல் கெடந்துச்சே!"

"தலை மட்டுந்தான் மாத்தியிருக்கேன். முகூர்த்த லுக்கு."

"காட்டுனது ஒருத்தி, கட்டிவைக்கது இன்னொருத்தியா?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கனகவள்ளிக்கு இந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. "என்ன மைனி சொல்லுதிய? எங்க வீட்ல ஆள் மாறாட்டமா நடக்கு? அதே உடம்பு, அதே சேலை. ஒங்க மவன் மட்டும் சட்ட போட்டா வந்திருக்கான்?"

"அவனுக்குக் கை எறங்காது. அத நாங்க மறைக்கலியே, மொதல்லயே சொல்லிட்டம்லா!"

"ஏட்டி, இது பொம்மைக் கல்யாணம்" என்றார் இசக்கிராஜ்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் கனகவள்ளி.

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள் பானுமதி. "சேலையவா பாத்தோம்? ஒடம்பயா பாத்தோம்? மூஞ்சியத்தான பாத்தோம்! தலை மாறுனா பொண்ணு மாறுனதுதான். அந்தப் பின்னல் தலையக் கொண்டாங்க. இல்லன்னா மாப்பிள்ளைய எடுத்துட்டுக் கெளம்புதோம்."

கிளம்பட்டும், கிளம்பட்டும் என்று மகேஸ்வரியின் மனசு குதித்தது. கனகவள்ளி விடுவாளா? "கேசரி கிண்டியாச்சு. மாட்டுட்டி அந்தத் தலைய!"

மாட்டினாள். மாப்பிள்ளையின் கை இறங்காததால் மஞ்சள் நூலை ஷாலினியே கட்டினாள். இரண்டு அம்மாக்களும் குலவை போட்டார்கள். கேசரி பரிமாறியாயிற்று. ஷாலினி செருப்பு டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"சலோ, பொண்ணைக் குடு."

மகேஸ்வரி பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அத்தை, தலைதான் பொண்ணுன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்லுதேன்."

"மாற மாட்டியள்லா?"

"நான் எதுக்கு மாறுதேன்?"

மகேஸ்வரி ஒரு திருகு திருகி, தலையை ஷாலினியின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க பொண்ணு."

தலையில்லாத கழுத்திலிருந்து தாலி நழுவிக் கேசரியில் விழுந்தது. இரண்டு அம்மாக்களும் "எம்மா!" என்று தங்கள் தாலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இசக்கிராஜ் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அதற்குள்ளிருந்தே, "நியாயந்தான தங்கச்சி? நீங்க பாத்த பொண்ணு முழுசா வந்துட்டு" என்றார்.

  

ஷாலினி அழுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் உள்ளங்கையில் இருந்த தலையைப் பார்த்தாள், மல்யுத்த வீரனைப் பார்த்தாள். அவன் தலையைப் பிடித்து ஒரே இழுப்பு. அதுவும் வந்துவிட்டது! அந்த இடத்தில் பின்னல் தலையை அழுத்தினாள். தூக்கிய முஷ்டிகள், புடைத்த தோள், இடுப்பு வரை பின்னல்.

"மம்மி, தேக்கோ, இங்க பாரு! என்னா லுக்கு! நம்ம மருமவ பயில்வான்!"

"அது சரிட்டி, என் மவன் எங்க?"

ஷாலினி மீசைத் தலையை மகேஸ்வரியிடம் நீட்டினாள். "இத நீ வச்சுக்கோ. எனக்கு வேணாம்."

அஞ்சாவது தலை! மகேஸ்வரி மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டினாள். கொஞ்சம் லொடலொடத்தது, பேப்பர் சுருட்டிச் செருகினாள். பட்டுச் சேலையும் கண்ணாடி வளையலுமாக, மீசையோடு மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தான்.

பானுமதி தலையில் கை வைத்தாள். "ஐயோ, என் மவன வீட்டோட மாப்பிள்ளையா ஆக்கிட்டாளுவளே!"

கனகவள்ளி அவள் தட்டில் இன்னொரு கரண்டி கேசரியைத் தள்ளினாள். "கவலப்படாதிய சம்மந்தி. எங்க புள்ள மாதிரி பாத்துக்கிடுதோம்."

"என்னத்தப் பாத்துக்கிடுதிய? மொதல்ல அந்த வளையலயாவது கழட்டச் சொல்லுங்க!"