கரம்பையூர் டொட் கொமியூனிட்டி

ராகுலனுக்கு வாங்கத் தெரியும், விடத் தெரியாது. ரொறன்ரோவை அடுத்த மிசிசாகாவில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை, மில்லிக்கனில் வீடு. இரண்டும் போதாதென்று இணையப் பெயர்களை வாங்கி வைத்து விற்கிற வியாபாரம் வேறு. டொட் கொம் என்று முடிகிற நல்ல பெயர்களையெல்லாம் கெட்டிக்காரர்கள் முந்தியே கொண்டுபோய்விட்டார்கள். பிறகுதான் டொட் ஷொப், டொட் வெடிங், டொட் கொமியூனிட்டி என்று புதுப்புது வால்கள் சந்தைக்கு வந்தன. முதல் வருடம் ஒரு கொத்துரொட்டி விலைக்குத் தருவார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கப் போனால்தான் உண்மை விலை தெரியும். தூண்டிலில் புழு குத்துவது மீனின் பசி தீர்க்கவா? இது ராகுலனுக்கு விளங்கியபோது கையில் நூற்றுக்கு மேல் பெயர்கள் சேர்ந்திருந்தன.

விட்டுத் தொலைக்கலாமே என்று அவன் மனைவி நிலாணி கேட்காத மாதமில்லை. ஒருமுறை விட்டும் பார்த்தான். புட்டுக்கடைக்குப் பொருந்தும் என்று ஆசையாக வாங்கிய பெயர். விட்டு இரண்டு மாதம் போகவில்லை, பிக்கரிங்கில் புதிதாகத் திறந்த கடையின் பலகையில் அதே பெயர் மின்னியது. அன்று பிடித்த பயம் அது. எதை விடுகிறானோ அதுதான் விலைபோகும் என்று நம்பி, வருடா வருடம் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினான். விற்றதென்னவோ விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

அவன் வைத்திருந்தவற்றில் ஒன்று கரம்பையூர் டொட் கொமியூனிட்டி. கரம்பையூர் மகா வித்தியாலயத்துப் பழைய மாணவர் சங்கம் என்றாவது ஒருநாள் வந்து கேட்கும் என்று வாங்கி வைத்தது. சங்கம் வரவில்லை. அதற்கு முகநூலே போதுமாக இருந்தது, உடைகிறவரைக்கும்.

ரொறன்ரோவில் சங்கம் என்று ஒன்று இருந்தால் அது இரண்டாகத்தான் வேண்டும். இது உடைந்தது குளிர்கால ஒன்றுகூடலில். விளக்கின் முதல் திரியைத் தலைவர் ஏற்றுவதா, செயலாளரின் மனைவி ஏற்றுவதா என்று தொடங்கியது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட இரவு விருந்து வைத்துச் சேர்த்த காசைப் பாதிபாதியாகப் பிரித்ததில் முடிந்தது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் உண்மையான சங்கம் என்றார்கள். ஊர்ப் பெயரில் இணையத்தளம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பக்கம்தான் சனம் நிற்கும் என்று இரண்டு பக்கத்துக்கும் யாரோ ஓதிவிட்டார்கள்.

முதலில் வீட்டுக்கு வந்தவர் தலைவர் ஏகாம்பரம். ராகுலன் அகதியாக வந்திறங்கியபோது தன் வீட்டுப் பேஸ்மென்ரில் வைத்துச் சோறு போட்டவர்.

"தம்பி, உந்தப் பேரை எங்களுக்குத் தா. செயலாளர் கிளிபோட்டுக்கு மட்டும் குடுத்துப்போடாதை. குடுத்தியெண்டால் பிள்ளையின்ரை அரங்கேற்றத்துக்கு எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். நான் வெருட்டேல்லை, உள்ளதைச் சொல்லுறன்."

மூன்றாம் நாள் பிளாசாவில் செயலாளர் கிளிபோட் மறித்தார். கிடங்கு வேலையை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

"ராகுலன், காசு எவ்வளவெண்டு சொல்லும். ஏகாம்பரத்தாருக்குக் குடுத்தீரெண்டால் எங்கடை பக்கத்துச் சனம் உம்மடை வீட்டு வாசல் மிதிக்காது. அரங்கேற்றத்துக்கு வாறதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை."

மகள் அட்சயாவின் அரங்கேற்றம் செப்ரெம்பரில். எட்டு வயதில் பரதம் தொடங்கிய பிள்ளை. ஹோல் பிடித்தாயிற்று, அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, வருகிறவர்களில் முக்கால்வாசி கரம்பையூர்ச் சனம். எந்தப் பக்கம் விற்றாலும் பாதிக் கதிரை காலி. சும்மா வாங்கிக்கொள்ளுங்கோ என்று கொடுத்தாலும் அதேதான். விற்கமாட்டேன் என்றான். விலையை ஏற்றுகிறான் என்றார்கள். இத்தனை வருடம் ஒரு பெயருக்கு ஆள் வராதா என்று தவம் கிடந்தவனுக்கு, இரண்டு பேர் ஒரே கிழமையில் வந்து நின்றும் விலை சொல்ல முடியவில்லை. அவனுக்கு அழுகை வந்தது.

வழி சொன்னவள் நிலாணி.

"இஞ்சருங்கோ, காசு கட்டாமல் விடுங்கோ. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, காலம் முடிஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ. ஆர் உங்களிலை கோவிப்பினம்?"

தானாகப் புதுப்பிக்கும் பொத்தானை அவள் பார்க்கவே அணைத்தான். "இண்டைக்குத்தான் நீங்கள் மனுசன்" என்று சொல்லி அவனுக்குப் பிடித்த இறால் பொரியல் செய்தாள். இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னான். இரண்டு பேரும் தனித்தனியே அவன் காதைக் கடித்தார்கள். "நல்லது. காலம் முடிஞ்சு விழுந்தவுடனை நாங்கள் எடுக்கிறம். மற்றப் பக்கத்துக்கு மூச்சு விடாதை." இரண்டு பேருக்கும் ஓம் என்றான்.

அங்கேதான் அவன் புத்தி பிசகியது. காலம் முடிந்த பெயரைப் பல பேர் கேட்டால் அது ஏலத்துக்குப் போகும். இது அவனுக்குத் தெரியும். வயதுபோன மனிதருக்கு ஏலம் போட எங்கே தெரியப்போகிறது, யாராவது ஒருவர் மலிவாக எடுத்துவிடுவார் என்று நினைத்தான். அவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, அவர்களின் பிள்ளைகள் கணினி படித்தவர்களல்லவா!

ஏலம் முடிகிற நாள் மதியச் சாப்பாட்டு நேரம் கிடங்கின் கார் தரிப்பிடத்தில் இருந்தபடி போனைத் திறந்தான். பணம் கட்டிப் பெயரைத் திரும்ப எடுக்கிற தவணை எப்போதோ தாண்டிவிட்டது. கேட்பவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். ஒன்று ஏற, மற்றது ஏறியது. சாப்பாட்டுப் பெட்டி மடியிலேயே இருந்தது. தொகை ஒரு பழைய கார் விலையைத் தாண்டியது. அவ்வளவும் கூரைக் காசு. அந்த விருந்தில் அவனும்தான் கோப்பை கழுவினான். ஊரில் மழை பெய்தால் பிள்ளைகள் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளிக்கிறார்கள் என்று மேடையில் சொன்னபோது அவனும்தான் கண் துடைத்தான்.

கிளிபோட்டுக்குப் போன் எடுத்து, நிப்பாட்டுங்கோ, மற்றப் பக்கம் அவர்கள்தான் என்று சொல்லலாமா? சொன்னால் கிளிபோட் இரண்டு மடங்கு கேட்பார். ஏகாம்பரத்துக்குச் சொன்னாலும் அதுவேதான். உண்மை சொல்வது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற காரியமாகிவிட்டது. சொல்லாமல் இருந்தாலோ வெல்கிற பக்கத்தின் கூரைக் காசு முழுதாகப் போகும்.

ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு காசு இருக்கிறது என்பது பிரித்த அன்று கூட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். ராகுலன் அதற்கு மேலே ஒரே தாவலாகத் தாவினான். தன் கணக்கில், வீட்டை ஈடுகாட்டி வங்கி தந்த கடன் வசதியிலிருந்து. இரண்டு பக்கமும் அடங்கிப்போயின. கடைசி நிமிடங்கள் கழிந்தன. வாழ்த்துக்கள், பெயர் உங்களுடையது என்று போன் சொன்னது.

ஒரு மூச்சு நேரம் சந்தோசமாக இருந்தது. கூரை தப்பிவிட்டது. பிறகு உறைத்தது. பெயர் என்னிடம் என்று சொன்னால், விடுவதுபோல விட்டு ஏலம் ஏற்றிய கள்ளன் என்று ஊர் காறித் துப்பும். நிலாணியிடம் சொன்னால்? எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமலே அந்தக் கடனை மாதாமாதம் கட்டவேண்டும், பெயரை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். விட்டால் மறுபடியும் ஏலம், மறுபடியும் அதே இரண்டு பேர். சாப்பாட்டைக் குப்பையில் கொட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

அரங்கேற்றத்தன்று ஹோல் நிறைந்து வழிந்தது. மேலதிகக் கதிரை தேடவேண்டியிருந்தது. இடப்பக்கம் ஏகாம்பரத்தின் ஆட்கள், வலப்பக்கம் கிளிபோட்டின் ஆட்கள். இடைவேளையில் தேநீர் மேசையடியில் தலைவரும் செயலாளரும் தோளோடு தோள் நிற்பதைக் கண்டு சனமே வாயைப் பிளந்தது.

"வா தம்பி," என்று ஏகாம்பரம் அவன் கையைப் பிடித்தார். "எவனோ ஊர் பேர் தெரியாதவன் எங்கடை ஊர்ப் பேரைப் பிடுங்கிக்கொண்டு போட்டான். உவன் நல்லாயிருப்பானோ?"

"நாசமாய்ப் போவான்," என்றார் கிளிபோட். "நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சிட்டம். சண்டை முடிஞ்சுது. இனி ஒரே சங்கம். உந்தக் கள்ளனை விடுறதில்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம்."

"உனக்குத்தான் உந்த விசயமெல்லாம் தெரியும்," என்று ஏகாம்பரம் கையை விடாமலே சொன்னார். "ஆரெண்டு கண்டுபிடிக்கிற பொறுப்பு உன்ரை. சங்கம் உன்னைத்தான் நம்பியிருக்கு."

பக்கத்தில் நின்ற நிலாணி பெருமையாகச் சிரித்தாள். "இவர் கண்டுபிடிச்சுத் தருவார் அண்ணை. இப்ப உந்தப் பேருகளை விடப் பழகிட்டார், நிறைய நேரமிருக்கு."

உள்ளே மிருதங்கம் தொடங்கிவிட்டது. நிறைந்த மண்டபத்தைப் பார்த்த பூரிப்பில் அட்சயா மேடைக்கு வந்துகொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணை," என்றான் ராகுலன். "பாக்கிறன்."