மூன்று பேருக்கு மேல் கூடாது

அந்த மனுவில் ஏழாவது கையெழுத்து என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

வெர்ன் டால்பெர்க் அந்த மனுவோடு என் வீட்டுக்கு வந்தது 1996 ஏப்ரலில். தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். என் கணவர் இறந்த குளிர்காலம் முழுக்க என் வாசல் பனியை அள்ளிப் போட்டவன். கெட்டவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து காப்பியை ஆற விட்டுவிட்டுப் பேசினான்.

"இருபத்திரெண்டாம் நம்பர் வீட்ட வாங்கிட்டாங்க, இர்மா. மாநில விடுதிய மூடுறாங்கல்ல, அங்கேருந்து நாலு பேரக் கொண்டாந்து வைக்கிறாங்களாம். புத்தி வளராதவங்க. பிள்ளைங்க ஓடியாடுற தெரு இது."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"விதி இருக்கே. சொந்தபந்தம் இல்லாதவங்க ஒரே வீட்ல மூணு பேருக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம ஊர்ல ரொம்ப காலமா இருக்கிற விதி. நாலாவது ஆள் வந்தா சட்டத்துக்கு விரோதம்."

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், கதவோரம், அஞ்சு ஜோடி பூட்ஸ் வரிசையாக இருந்தன. காகித ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் அஞ்சு ஆண்களுக்கு நான் பத்து வருஷமாக அறைகளை வாடகைக்கு விட்டிருந்தேன். ஒருவருக்கொருவர் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வெர்ன் அந்த பூட்ஸைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் அந்த நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஆர்வில் சக்கர நாற்காலியில் இருப்பவன்; பேச்சு வராது. மடியில் ஒரு எழுத்துப் பலகை, அதில் விரலை வைத்து வைத்துச் சொல்வான். ஜனீனுக்கு இருபத்தொன்பது வயசு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. எல்மருக்கு அறுபது தாண்டியிருக்கும். வந்த முதல் வாரமே பின்பக்கம் தக்காளி நட்டுவிட்டான். நாலாவது ஆள் லொரெட்டா குபியாக். பதினாலு வயசில் விடுதிக்குள் போனவள் ஐம்பத்திநாலு வயசில் வெளியே வந்திருந்தாள். அவர்களுக்கு உதவிக்கு டாக்னி என்ற பெண் பகலில் வந்து போவாள்.

லொரெட்டாவுக்கு வாராந்திர விளம்பரப் பத்திரிகை போடும் வேலை கிடைத்தது. எல்லாரும் அதை வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போவார்கள். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். ஒவ்வொரு கதவையும் தட்டி, திறக்கிற வரைக்கும் நிற்பாள்.

முதல் தடவை என் கதவைத் தட்டியபோது வலைக்கதவைத் திறக்காமலே, "அங்கயே வெச்சிட்டுப் போ" என்றேன்.

"எத்தன பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"ஆளுக்கு ஒண்ணு. ஒரே பேப்பர ஒருத்தர் படிச்சா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?"

எனக்கு வாய் தவறிவிட்டது. "ஆறு" என்றேன். நிதானமாக ஆறு எண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தத் தெரு முழுக்க அவள் வழக்கம் அதுதான். வெர்ன் மட்டும் கடைசி வரை கதவைத் திறக்கவே இல்லை. அவன் வாசலில் ஒன்றை வைத்து, காற்றில் பறக்காமல் கல்லும் வைத்துவிட்டு வருவாள்.

ஜூனில் நகர சபைக் கூட்டம். உட்கார இடம் போதாமல் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் வைத்தார்கள். பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். வீட்டு விலை விழும் என்றார்கள், ஆம்புலன்ஸ் சத்தத்தில் தூக்கம் கெடும் என்றார்கள், நல்ல மனசோடுதான் சொல்கிறோம் என்றார்கள். நல்ல மனசோடு சொல்கிறோம் என்றவர்கள்தான் ரொம்ப நேரம் பேசினார்கள். நாலு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் சபைத் தலைவர் ஒரு சமரசம் சொன்னார். மூன்று பேர் இருக்கலாம். நாலாவது ஆள் முப்பது நாளுக்குள் வேறு இடம் போக வேண்டும். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். இதைவிடத் தாராளமாக யார் நடந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

லொரெட்டா எழுந்து நின்றாள்.

"யாரு போகணும்?"

தலைவர் சிரித்த முகத்தோடு, "அது உங்க விருப்பம்மா. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க" என்றார்.

"விடுதியில காலையில ஒருத்தர் வருவாரு," என்றாள் லொரெட்டா. "கையில காகிதம் வெச்சிருப்பாரு. பேர் படிப்பாரு. பேர் படிச்சவங்கள அன்னிக்கே கொண்டுபோயிடுவாங்க. எங்க போனாங்கன்னு சொல்ல மாட்டாங்க. என் சிநேகிதி பெர்னிஸ் அப்படித்தான் போனா. நாங்க யார் பேரையும் படிக்க மாட்டோம்."

உட்கார்ந்துவிட்டாள். மூன்று நிமிஷத்தில் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் கை ஏனோ மடியிலேயே கிடந்தது.

ரூத் பெல்சர் என்ற வக்கீல் அவர்களுக்காக மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். உடல், மனக் குறைபாடு உள்ளவர்கள் வீட்டில் குடியிருப்பதை ஊர் தடுக்கக் கூடாது என்று நாட்டுச் சட்டம் சொல்கிறது. தேவைப்பட்டால் விதியைத் தளர்த்தித் தர வேண்டும் என்பது அவள் வாதம். தீர்ப்பு வரும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. தெருவில் பாதி வீட்டுப் புல்வெளியில் 'எங்கள் தெருவைக் காப்போம்' பலகை முளைத்தது. வெர்ன் எனக்கும் ஒன்று நட்டுக் கொடுத்தான். எல்மர் ஆகஸ்டில் தக்காளி கொண்டுவந்து அந்தப் பலகைக்குக் கீழேயே ஒரு பையில் வைத்துவிட்டுப் போனான். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. பலகையை எடுக்கவில்லை.

பிப்ரவரியில் விசாரணை. நாற்பது மைல் தள்ளிப் பெரிய நகரத்தில். வெர்னின் வேனில் எட்டுப் பேர் போனோம், வேடிக்கை பார்க்கத்தான். நகர சபையின் வக்கீல் கிராண்டல் மென்மையாகப் பேசும் மனிதர். அவர் வாதம் ஒன்றே ஒன்று: விதி எல்லாருக்கும் ஒன்று. எங்கள் டாமரக் தெருவில் யாருக்கும் சலுகை இல்லை, இவர்களுக்கு மட்டும் ஏன்?

லொரெட்டா நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தாள். கிராண்டல் குழந்தையிடம் பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"லொரெட்டா, அந்த விதி என்ன சொல்லுதுன்னு புரியுதா?"

"புரியுது. மூணு பேருக்கு மேல கூடாது."

"அப்ப நீங்க மட்டும் ஏன் அத மதிக்க வேண்டாம்னு நினைக்கிறீங்க?"

"மதிக்கிறேன். தெருவுல மத்தவங்க எப்படி மதிக்கிறாங்களோ அப்படி."

அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். "மத்தவங்கன்னா யாரு?" என்று கேட்டுவிட்டார்.

லொரெட்டா கையை மடியில் கோர்த்துக்கொண்டு, பத்திரிகை போடுகிற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனாள்.

"முக்கு செங்கல் வீடு. காலேஜ் பசங்க. ஆறு பேப்பர். எல்லாருக்கும் வேற வேற அம்மா. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஆறு பேரும் ஆறு ஊருக்குப் போனாங்க. அப்புறம் சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. கன்னியாஸ்திரிங்க. ஏழு பேப்பர். சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுக்கறாங்க, ஆனா நான் கேட்டேன். அவங்க நெசமான அக்கா தங்கச்சி இல்லையாம்."

நீதிமன்றம் சிரித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்புறம் மிஸ்ஸஸ் ஸ்டோல்ஸ் வீடு. அவங்களச் சேத்து ஆறு. அஞ்சு பேர் பேப்பர் மில்லுல வேலை. ஒருத்தர் பேரு கூட இன்னொருத்தர் பேரோட சேராது."

சிரிப்பு என் காதுக்கு எட்டவில்லை. வெர்ன் திரும்பி என்னைப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

கிராண்டல் சுதாரித்துக்கொண்டார். "ஐயா, இந்த அம்மாவால நாலாம் வகுப்புப் பாடம் படிக்க முடியாது. இவங்க எண்ணிக்கைய எப்படி நம்புறது?"

லொரெட்டா கோபப்படவில்லை. "மிஸ்ஸஸ் ஸ்டோல்ஸ் அங்கதான் உக்காந்திருக்காங்க. மூணாவது வரிசை. பச்சைத் தொப்பி. அவங்களையே கேளுங்க."

மறுநாள் காலை என்னைச் சாட்சியாகக் கூப்பிட ரூத் அனுமதி கேட்டாள். நீதிபதி கொடுத்தார்.

அன்றும் வேனிலேயே திரும்பினோம். என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வெர்ன் சொன்னான். "ஞாபகம் இல்லன்னு சொல்லிடு, இர்மா. ஆள் வந்து போயிட்டு இருக்காங்க, கணக்கு தெரியலன்னு சொல்லு. உண்மையச் சொன்னேன்னா உன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அந்த அஞ்சு பேரும் எங்க போவாங்க?"

"அதேதான் அவளும் கேட்டா" என்றேன்.

"எவ?"

"லொரெட்டா. யாரு போகணும்னு."

அவன் வண்டியை எடுத்தான். உள்ளே போனேன். அஞ்சு பேரில் மூன்று பேர் பன்றித் தொத்திறைச்சி வறுத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மூத்தவன் லெஸ்டர் கரண்டியைக் கீழே வைக்காமலே, "பொய் சொல்லி எங்கள வெச்சுக்காதீங்க மேடம், அது சரியா வராது" என்றான்.

மறுநாள் வேனில் போகவில்லை. லெஸ்டர் தன் டிரக்கில் கொண்டுபோய் விட்டான்.

ரூத் சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்ல எத்தன பேர் குடியிருக்காங்க?"

"என்னச் சேத்து ஆறு. பத்து வருஷமா."

"நகர சபைக்குத் தெரியுமா?"

"வருஷா வருஷம் வீட்டச் சூடாக்குற கொதிகலனப் பாக்க அவங்க இன்ஸ்பெக்டர் வருவாரு. எல்லாரோடயும் உக்காந்து கேக் சாப்பிட்டுட்டுப் போவாரு. ஒரு நாளும் எண்ணினதில்ல."

"அக்கம்பக்கத்துல யாராவது புகார் பண்ணியிருக்காங்களா?"

"இல்ல. வெர்ன் டால்பெர்க் புதன்கிழமை அவங்களோடதான் சீட்டு ஆடுறாரு."

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"பின்ன அந்த மனுவுல ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் இரவே பதில் தயார் பண்ணியிருந்தேன். அது வாயில் வரவில்லை. "பயமா இருந்துச்சு" என்றேன்.

"என்ன பயம்?"

"அதத்தான் ராத்திரி முழுக்க யோசிச்சேன். சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் அகப்படல. அவங்க வந்து ஒம்பது மாசமாச்சு. எனக்கு நடந்ததெல்லாம் ஆறு பேப்பரும் ஒரு பை தக்காளியும்தான்."

இறங்கி வரும்போது லொரெட்டாவைப் பார்த்தேன். அவள் நன்றி சொல்கிற மாதிரியெல்லாம் பார்க்கவில்லை. சரியாக எண்ணியிருக்கிறேன் பார்த்தாயா என்பதுபோல ரூத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அடுத்த வாரம் தீர்ப்பு. நீதிபதி முப்பது பக்கம் எழுதியிருந்தார். இரண்டு பக்கம்தான் வாசித்தார். இந்தத் தெருவில் இந்த ஊர் யாரையும் எண்ணிப் பார்த்ததில்லை, முதன்முதலாக எண்ணியது இந்த நாலு பேரைத்தான் என்றார். வேண்டியவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டாதவர்களுக்குத் திறக்கிற விதி விதியல்ல என்றார். லொரெட்டா, ஆர்வில், ஜனீன், எல்மர் நாலு பேரும் அந்த வீட்டில் குடியிருக்கலாம், விரும்புகிற காலம் வரைக்கும்.

ஜனீன் எழுந்து ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்தாள். ரூத்தை, டாக்னியை, என்னை, நீதிமன்றக் காவலரை, கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற கிராண்டலையும். எல்மர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். ஆர்வில் பலகையில் விரலை வைக்கத் தொடங்கினான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கதவோரம் நின்ற பத்திரிகைக்காரர் வரைக்கும் எல்லாரும் குனிந்து காத்திருந்தார்கள். டாக்னி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"பசிக்குது. மீன் வறுவல் சாப்பிடலாம்."

அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கத்தில் மீன் வறுவல் சாப்பிடுகிற நாள். ஊர் திரும்பி, அங்கே இருக்கிற ஒரே மீன் வறுவல் கடையில் மேஜைகளை ஒட்டிப்போட்டு உட்கார்ந்தோம். லெஸ்டரும் என் வீட்டு மற்ற நாலு பேரும் ஷிப்டு முடிந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். லொரெட்டா ரெண்டு தட்டு சாப்பிட்டாள். கடைக்காரர் எத்தனை பேர் என்று கேட்டபோது மேஜையே சிரித்தது. பாவம், அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

என் வீட்டுக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. மார்ச்சில் நகர சபை சத்தமில்லாமல் அந்த விதியையே எடுத்துவிட்டது. இல்லாவிட்டால் கன்னியாஸ்திரிகளைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டியிருக்கும். பலகையை நானே பிடுங்கி, எல்மரின் செடிகளுக்கு முட்டுக்கொடுக்க அதன் குச்சியைக் கொடுத்தேன். வெர்ன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. இப்போது வணக்கம் சொல்கிறான். இருபத்திரெண்டாம் நம்பருக்கு இன்னும் சொல்வதில்லை. அது அவன் பாடு.

ரெண்டு வருஷம் கழித்து, பக்கத்து மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு வீட்டுக்கு எதிர்ப்பு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் ரூத்தைக் கூப்பிட, ரூத் லொரெட்டாவைக் கூப்பிட்டாள். நான்தான் கார் ஓட்டினேன். கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். லொரெட்டா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, தன் பேரையும் தெருவையும் சொன்னாள்.

"உங்க கேள்வியெல்லாம் கேளுங்க," என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அங்கே அனுமதி கிடைக்கப் பதினோரு நிமிஷம்தான் ஆனது. திரும்பும் வழியில் அவளே வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.