லேமினேட் செய்த ஈசிஜி

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. மருத்துவமனை முதல் மாடி, ஏழாம் எண் அறையில், நெஞ்சுவலி என்று வந்த நாற்பத்தொன்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவருக்கு ஈசிஜி எடுக்கப்பட்டது. தாளின் மேல் ஓரத்தில் இயந்திரம் ‘நார்மல்’ என்று அச்சிட்டது.

எடுத்தவர் பதினாறு வருடமாக அங்கே டெக்னீஷியன். படுத்திருந்தவர் அவருடைய அக்கா கணவர்.

“மெஷினே நார்மல்னு சொல்லிருச்சு. உன் மூஞ்சிதான் நார்மலா இல்ல மாப்ள. உங்கக்கா சமையல், நெஞ்சுல நிக்குது. வேறொண்ணுமில்ல.”

“பேசாம படுங்க மச்சான்.”

போன வருடமும் மச்சானுக்கு ஈசிஜி எடுத்தது டெக்னீஷியன்தான். அப்போது மார்புப் பதிவுகள் மூன்றில், ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் ‘டி’ அலைகள் தலைகீழாக இருந்தன. ரத்த ஓட்டம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்று அதே அலைகள் நிமிர்ந்து நின்றன. வேறு யாருக்காவது என்றால் நல்ல தாள். தலைகீழ் அலைக்காரருக்கு, நெஞ்சுவலியோடு அது நிமிர்ந்தால், ஆபத்து.

“சுத்தமா இருக்கே,” என்றார் டூட்டி டாக்டர். “பழசு இருக்கா?”

அங்கே நகல் வைப்பதில்லை. வெளியே உட்கார்ந்திருந்த அக்கா பையைத் திறந்தாள். “பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிட்டேன்டா.”

தாள் முழுக்கக் கறுப்பாக இருந்தது. சூடு பட்டால் ஈசிஜி தாள் கறுத்துவிடும்.

“கடைக்காரன் மெஷின் கோளாறுன்னான். நான்தான் கெடுத்துட்டேனா?”

“நான் சொல்லிருக்கணும்க்கா.”

டாக்டர் கறுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க ஞாபகத்த நம்பி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா? சொந்தக்காரர், அதான் பயப்படறீங்க.”

“பயந்தான் டாக்டர். ஆனா அத எடுத்தது நான். வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. கால் மணி நேரத்துக்கு ஒண்ணு எடுத்துத் தரேன்.”

டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுச் சம்மதித்தார். மார்பில் பதித்திருந்த ஈசிஜி ரப்பர் குமிழ்களை டெக்னீஷியன் கழற்றவில்லை. அவை ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அலை மாறும். அப்புறம் எதை நம்புவது?

10.35க்கு எடுத்ததில் மாற்றமில்லை.

10.50க்கு மச்சானுக்கு வியர்த்திருந்தது. கேலி நின்றுபோயிருந்தது. தாளில் கூர்முனைக்குப் பிறகு கோடு அடிமட்டத்துக்கு இறங்காமல் மேலேயே வளைந்து போனது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே தொலைபேசியை எடுத்தார்.

ஆம்புலன்ஸ் 11.05க்குக் கிளம்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாய் முழுக்க அடைபட்டிருந்தது. 12.40க்குத் திறந்தார்கள். அதற்குள் இதயத் தசையில் ஒரு பகுதி செத்திருந்தது. ஆறாம் நாள் மச்சான் வீடு திரும்பினார். கனரக வாகன உரிமம் அவருக்குப் புதுப்பிக்கப்படவில்லை.